தைப்பூசத்து மீதிச் சோறும் ஒரு பழைய பியூரெட்டும்

28 ஜனவரி 2024, மலேசியாவின் கெடா மாநிலம், எங்கள் தாமான் (குடியிருப்பு) தம்பி கேட்டது

பூசத்துக்கு எங்கள் பாடாங் செராய்க் கோயிலில் அன்னதானம். முடிந்தபின் மூன்று டிரம் நிறையச் சோறும் காய்கறித் தோலும் குப்பை லாரியில் போயின. பார்க்கவே வயிறு எரிந்தது. கார்பேஜ் என்ஸைம் (கழிவைப் புளிக்கவைத்த நீர்) செய்யலாமே! ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு கழிவு, பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். தரை துடைக்கலாம், சாக்கடை நாற்றம் போகும், ஓசோன்கூட உண்டாகும் என்கிறார்கள். வெளிநாட்டில் உணவுக் கழிவை நுண்ணுயிருக்குக் கொடுத்து விலையுள்ள ரசாயனங்களே எடுக்கிறார்களாம். நாமும் பெரிய அளவில் செய்து விற்றால் கோயிலுக்கு வருமானம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

28 ஜனவரி, இரவு, என் பதில்

செய்திருக்கிறேன் தம்பி. வெடிக்கவும் விட்டிருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் அன்னாசித் தோலும் சர்க்கரையும் தண்ணீரும் அளவாகப் போட்டுக் கண்ணாடிப் போத்தலில் மூடியை இறுக்கி அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் கரியமில வாயு வரும் என்பது எனக்குத் தெரியாததா? முப்பது வருஷம் லேப்பில் இருந்தவன். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். தீபாவளிக்கு முதல் நாள் இரவு வெடித்தது. முறுக்கு டின்னுக்குள் கண்ணாடி. இப்போதும் முறுக்கு பிழிகிறபோதெல்லாம் வீட்டில் அந்தப் பேச்சு வரும்.

பிளாஸ்டிக் போத்தல் போதும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள்.

29 ஜனவரி

ஓசோன் விஷயம். அதை முதலில் ஒதுக்கிவிடலாம். போத்தலில் வரும் குமிழி கரியமில வாயுதான். ஓசோன் உண்டாக அங்கே வழியே இல்லை. ‘என்ஸைம்’ என்ற பெயரும் கொஞ்சம் அதிகப்படி. மூன்று மாதம் புளித்த நீரில் பெரும்பாலும் இருப்பது அமிலம். தரையைச் சுத்தம் செய்வதும் அதுதான். நம் பாட்டிமார் காடி என்று சொன்ன சங்கதி, அதாவது வினிகர்.

எங்கள் அப்பா சொல்வார்: காலையில் இறக்கினால் பதநீர் மாதிரி, மத்தியானம் கள், மறுநாள் புளிப்பு, வாரம் போனால் காடி. இரண்டு கூட்டம் மாறி மாறி வேலை செய்வதால் வருவது அது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா காற்றை எடுத்துக்கொண்டு சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கும். தோட்டத்துக்கு ஒரு கள்ளுக்கடை இருந்த காலத்தில் இதை யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. (1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. காடியைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.)

30 ஜனவரி

பட்டர்வொர்த்திலிருந்து எழுதும் தங்கச்சி, ‘அண்ணே, எந்த லேப்?’ என்று கேட்டிருக்கிறார். கழிவுநீர் பொறியாளராம். அப்படியானால் இது அவருக்குப் பிடிக்கும்.

நான் இருந்தது ரப்பர் பாலை அடர்த்தியாக்கும் தொழிற்சாலை. கையுறை செய்கிறவர்களுக்குப் போகும் பால். மரத்திலிருந்து பால் மங்கில் (கோப்பையில்) விழும்போதே பாக்டீரியா வந்து உட்கார்ந்துவிடும். பாலில் சர்க்கரை உண்டு, புரதம் உண்டு. தின்றுவிட்டு அசிட்டிக், ஃபார்மிக், புரொப்பியோனிக் அமிலங்களை விடும். விட்டுவைத்தால் பால் தானாகவே திரிந்து கட்டியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் அமோனியா. எங்கள் பாலில் 0.7 சதவீதம் போடுவோம், கண்ணில் நீர் வழியும்.

அமிலம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. வி.எஃப்.ஏ. எண் என்போம், நீராவியோடு ஏறிவரும் கொழுப்பமிலங்களின் கணக்கு. பாலில் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றினால் ரப்பர் பிரிந்துவிடும். வடித்த தெளிநீரில் கந்தக அமிலம் சேர்த்து, 10 மில்லியை மார்க்கம் வாலை என்ற கண்ணாடி வடிகருவியில் விட்டு நீராவியைச் செலுத்த வேண்டும். 100 மில்லி வடிநீர் சேர்ந்ததும் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பேரியம் ஹைட்ராக்ஸைடு என்ற காரம் சொட்டு சொட்டாக. நிறங்காட்டியான ஃபீனால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றால் முடிந்தது. எண் 0.2ஐத் தாண்டினால் மேலாளர் அறையிலிருந்து ஆள் வரும்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. முப்பது வருஷம் எந்த அமிலத்தைத் திருடனைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேனோ, அதே அமிலத்தைத்தான் இப்போது உணவுக் கழிவிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

31 ஜனவரி

சரி, அளந்தே பார்ப்போம். தொழிற்சாலை மூடியபோது பழைய சாமானோடு ஒரு பியூரெட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பரணில் கிடக்கிறது.

முதல் வாளி எல்லோரும் செய்கிறபடி: 1 கிலோ சர்க்கரை, 3 கிலோ அன்னாசித் தோல், 10 லிட்டர் தண்ணீர்.

4 பிப்ரவரி

இரண்டாவது வாளியில் சர்க்கரை இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் மிஞ்சிய வெறும் சோறு 2 கிலோ. ஆனால் சோற்றில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் அதை நேரடியாகத் தின்ன முடியாது. யாராவது உடைத்துச் சர்க்கரையாக்கித் தரவேண்டும். மலாய்க்காரர்கள் ‘தாப்பாய்’ என்ற புளித்த சோற்றுப் பண்டத்துக்குப் போடும் ராகி அதைத்தான் செய்கிறது. அந்த வெள்ளை வில்லைக்குள் பூஞ்சையும் இருக்கிறது, ஈஸ்டும் இருக்கிறது.

மருமகளிடம் ‘பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) ராகி வாங்கி வாம்மா’ என்றேன். ஒரு கிலோ கேழ்வரகு மாவோடு வந்து நின்றாள். ‘மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, கஞ்சிக்காக்கும்னு நினைச்சேன்.’ குற்றம் அவள்மேல் இல்லை, தமிழ்மேல்தான். மூன்று நாள் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு நானே போய் அங்கே கடை போடும் மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) நாலு வில்லை வாங்கினேன்.

சோற்றை மறுபடி ஆவியில் வேகவைத்து, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, வில்லையைப் பொடித்துத் தூவி மூடியிருக்கிறேன்.

7 பிப்ரவரி

சோறு குழைந்துவிட்டது. அடியில் இரண்டு விரற்கடை சாறு. நாக்கில் வைத்தால் தேன் மாதிரி இனிப்பு, பின்னால் லேசான சாராய வாசனை. ஒரு துளி சர்க்கரை போடவில்லை! தண்ணீர் ஊற்றி 6 லிட்டராக்கினேன். சாராயமானதும் வாய்க்குத் துணி கட்டிக் காற்றுக்கு விடவேண்டும்.

9 பிப்ரவரி

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: கெடாவில் குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறதே, கழிவு சுத்தமாகக் கிடைக்காதா? 2015 செப்டம்பர் 1 முதல் சட்டம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது பிரிக்கச் சொல்வது தாள், பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரியான மறுசுழற்சிப் பொருளை. சோறும் தோலும் எஞ்சிய குப்பையோடுதான் போகின்றன.

நம் கோயில் டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தால் சோறு, சாம்பார், அப்பளம், வாழை இலை, பிளாஸ்டிக் கோப்பை, ஸ்பூன், ஒரு ஜோடி செருப்பு. செருப்பு நிஜம். பூசத்தன்று மூன்று டிரம், மறுவாரம் அரை வாளி. நுண்ணுயிர் தினமும் சாப்பிடும், விரதம் தெரியாது.

18 பிப்ரவரி

லூனாஸ் வாத்தியார், ‘நுண்ணுயிரை வைத்து ரசாயனம் தயாரிப்பது புதுச் சங்கதியா?’ என்று கேட்கிறார். இல்லை சார், லாக்டிக் அமிலத்தை அமெரிக்காவில் 1881இலேயே இப்படித் தயாரித்து விற்றார்கள். ஆனால் நமக்கு நெருக்கமான கதை வேறு.

1910இல் லண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்துக் காடெல்லாம் பால்மரமாயிற்று, நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அதே விலையைப் பார்த்து இங்கிலாந்தில் சிலர், மரமே இல்லாமல் ரப்பர் செய்ய முடியாதா என்று யோசித்தார்கள். உருளைக்கிழங்கு மாவைப் புளிக்கவைத்து பியூட்டனால் என்ற சாராய வகையை எடுப்பது, அதை பியூட்டடையீன் என்ற வாயுவாக்குவது, அதிலிருந்து செயற்கை ரப்பர். மான்செஸ்டரில் இந்த வேலையில் இருந்த ஒருவர் ஹையம் வைஸ்மன். அவருக்குக் கிடைத்த பாக்டீரியா பியூட்டனாலோடு அசிட்டோனையும் சாராயத்தையும் கொடுத்தது. ஏறத்தாழ 6 பங்கு, 3 பங்கு, 1 பங்கு.

நல்லவேளை, அந்த ரப்பர் பிழைக்கவில்லை. பிழைத்திருந்தால் நம் தாத்தாக்கள் எங்கே இருந்திருப்பார்களோ! முதல் உலகப் போர் வந்ததும் பீரங்கி வெடிமருந்துக்கு அசிட்டோன் வேண்டியிருந்தது. துணைப்பொருளாக வந்தது திடீரென்று முதலாளியாகிவிட்டது. மக்காச்சோளத்தைத் தொட்டியில் ஊற்றிப் புளிக்கவைத்தார்கள். 1917இல் தானியம் தட்டுப்பாடாகவே பள்ளிப் பிள்ளைகளைக் குதிரைச் செஸ்நட் பொறுக்க விட்டார்கள். மனிதர் தின்னாத காய். டன் கணக்கில் சேர்ந்தது. தொழிற்சாலையில் அது சரியாகப் புளிக்காமல் படுத்தியது தனிக்கதை.

அந்த வைஸ்மன்தான் பிற்பாடு இஸ்ரேலின் முதல் அதிபர்.

21 பிப்ரவரி

சோற்று வாளியின் வாயில் துணி கட்டியாயிற்று. பழ ஈ படை எடுத்துவிட்டது. இரட்டைத் துணி கட்டுங்கள்.

10 மார்ச்

மேலே வெள்ளையாக ஏடு படர்ந்திருக்கிறது. பூஞ்சை இல்லை, காடியின் தாய், அசிட்டோபாக்டர் கட்டிய ஏடு.

28 ஏப்ரல்

அளந்துவிட்டேன். 0.1 நார்மல் அடர்த்தியில் சோடியம் ஹைட்ராக்ஸைடு என்ற காரம், 5 மில்லி சாறு.

அன்னாசி: 20 மில்லி காரம் குடித்தது. அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால் 2.4 சதவீதம்.
சோறு: 25.8 மில்லி. 3.1 சதவீதம்.

கடைக் காடி நான்கைந்து சதவீதம். கோயில் சோறு அதற்கு அருகே வந்துவிட்டது!

இன்னொன்று. அன்னாசி வாளியில் வடித்தது 12 லிட்டர், அதில் அமிலம் ஏறத்தாழ 290 கிராம். நான் போட்டது 1 கிலோ சர்க்கரை, கடையில் 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு. தோலிலும் சர்க்கரை உண்டுதான், ஆனால் பெரும்பங்கு நான் காசு கொடுத்து வாங்கியது. கழிவிலிருந்து அமிலம் என்று பேர், பாதிக்குமேல் மளிகைக் கடையிலிருந்து அமிலம். சோற்று வாளி ஒன்றுதான் உண்மையில் கழிவு.

1 மே

மேலே எழுதியதில் ஒரு பிழை, நானே பிடித்தேன். பியூரெட் எல்லா அமிலத்தையும் ஒன்றாக எண்ணும். அன்னாசியில் இயற்கையாகவே சிட்ரிக் உண்டு, புளிக்கும்போது லாக்டிக்கும் சேரும். இரண்டும் நீராவியோடு ஏறாது. எல்லாவற்றையும் அசிட்டிக் என்று எழுதியது தவறு. லேப்பில் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே திட்டு வாங்கியிருப்பேன்.

3 மே

மார்க்கம் வாலைக்கு எங்கே போவது? குக்கர் விசில் குழாயில் ரப்பர் டியூப்பைச் செருகி, நீராவியை 10 மில்லி சாறு இருந்த போத்தலுக்குள் விட்டு, அங்கிருந்து இன்னொரு டியூப் ஐஸில் வைத்த போத்தலுக்கு. புட்டுக் குழல் மாதிரிதான், நடுவில் புட்டு இல்லை. (வீட்டில் செய்யாதீர்கள். டியூப் அடைத்தால் குக்கர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், முறுக்கு டின்னுக்கும் தெரியும்.)

முதல் சொட்டு விழும்போதே அந்த வாசனை. கண்ணை மூடினால் லேப்பில் இருக்கிறேன். அமோனியா மட்டும்தான் இல்லை. 100 மில்லி சேர்த்து அளந்தேன். அன்னாசிச் சாறு மொத்தமாகக் குடித்த காரம் 40 மில்லி என்றால் ஆவியோடு வந்த அமிலத்துக்கு 26 மில்லி. அதாவது 1.6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. டியூப்பில் ஒட்டியது, கசிந்தது போக. மீதி சிட்ரிக், லாக்டிக், வகையறா.

12 மே

தம்பி ‘சரி அண்ணே, 3 சதவீதத்தை நூறு சதவீதமாக்கி விற்கலாமே’ என்கிறார். விஷயமே இங்கேதான் இருக்கிறது. புளிக்கவைப்பது சுலபம், சும்மா விட்டாலே புளிக்கும். தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் பாடு.

100 கிலோ காடியில் 3 கிலோ அமிலம், 97 கிலோ தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டினால் அமிலம் மிஞ்சும். அடுப்பில் பாதிச் சூடு வீணாகும் என்று வைத்துக்கொண்டால் 11 கிலோ கேஸ் வேண்டும். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. 3 கிலோ அமிலத்துக்கு முக்கால் தோம்பு.

13 மே

பட்டர்வொர்த் தங்கச்சி சிரித்திருக்கிறார்: ‘அண்ணே, தண்ணீர் போனால் அமிலம் எப்படி மிஞ்சும்? அதுவும் ஆவியோடுதானே போகும்? பத்து நாளைக்கு முன் நீங்களே வடித்தீர்களே!’

ஆமாம். முப்பது வருஷம் அந்த அமிலத்தை நீராவியில் ஏற்றிவிட்டதுதான் என் பிழைப்பு. கணக்குப் போடும்போது அதையே மறந்துவிட்டேன். அதாவது முக்கால் தோம்பைச் செலவழித்தாலும் பிரியாது.

லாக்டிக் ஆவியாகாது, அது தேவலையா என்றால் அதற்கு வேறு வம்பு. புளிப்பு ஏற ஏற பாக்டீரியாவுக்கே தாங்காது, அதனால் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்தால், பழைய முறையில் ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம். ஒரு குப்பையைக் கொடுத்து இன்னொரு குப்பையை வாங்கி வரும் வேலை.

14 மே

இப்போதுதான் உறைக்கிறது. செம்பனை ஆலைகள் ஏன் குளத்தை மூடி மீத்தேன் பிடிக்கின்றன? ஆலைக் கழிவுநீர் குளத்தில் முதலில் ஆவதும் இதே அமிலங்கள்தான். குளத்துப் பக்கம் போனால் மூக்கைப் பிடிக்கிறோமே, அது. பிறகு வேறொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும். மீத்தேன் தானாகவே குமிழியாக மேலே வந்துவிடும். பிரிக்கும் செலவே இல்லை. மலிவான பொருள்தான், ஆனால் அதுவே நடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது.

20 மே

தங்கச்சி எழுதியது எனக்குப் பிடித்தது. என் வார்த்தையில் சொல்கிறேன். அமிலம் தண்ணீரில் கரைவதுதானே தொல்லை? கரையாத அமிலமாக நுண்ணுயிரையே மாற்றச் சொல்லலாம். கிளாஸ்டிரிடியம் க்ளூய்வரி என்று ஒன்று. 1930களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர வாய்க்கால் சேற்றில் கண்டெடுத்தது. சாராயத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் கொடுத்தால் இரண்டிரண்டு கரி (கார்பன்) அணுவாகச் சேர்த்து நீட்டும். இரண்டு கரி அமிலம் நான்காகும், நான்கு ஆறாகும். ஆறு கரி உள்ள கேப்ரோயிக் அமிலம் 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் அளவே கரையும். புளிப்பைக் கூட்டினால் மீதி எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும், அகப்பையால் வழித்துவிடலாம்.

கேப்ரோயிக் என்ற பெயர் லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முனியாண்டி பூசைக்கு முதல் நாள் கோயில் வேலியில் கிடா கட்டியிருக்குமே, அந்த நாற்றம். தாமானில் ஒருவர் செய்தால் போதும், தெருவே வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்.

என் சோற்று வாளியில் நடுவில் சாராயமும் இருந்தது, அமிலமும் இருந்தது. டெல்ஃப்ட் சேறுதான் இல்லை. நம் பக்கத்துக் கால்வாய்ச் சேற்றில் இருக்காதா என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை.

21 மே

நுண்ணுயிரை வைத்துப் பிளாஸ்டிக் செய்வதும் உண்டா என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். உண்டு சார். சில பாக்டீரியா நாம் தொப்பை போடுவது மாதிரி உடம்புக்குள் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் வகையைச் சேர்த்துவைக்கும். 1926இலேயே பிரான்ஸில் லெமுவான் என்பவர் கண்டு எழுதியிருக்கிறார். செம்பனை எண்ணெயைக் கொடுத்து இதைத் தயாரிக்கும் ஆய்வு பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக நடக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரம். அங்கேயும் அதே பாடுதான். உடம்பை உடைத்து வெளியே எடுக்கவேண்டும்.

2 ஜூன்

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: விற்கிற எண்ணத்தை விடுங்கள். 3 சதவீதத்தை 3 சதவீதமாகவே பயன்படுத்துங்கள், பிரிக்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை வெறும் சோற்றைத் தனி வாளியில் போடச் சொல்லுங்கள், சாம்பார் கலக்காமல். உப்பும் எண்ணெயும் சேர்ந்தால் ராகி முரண்டுபிடிக்கும்.

சோற்றுக் காடி 4 லிட்டரைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தேன். பித்தளைத் தாம்பாளத்துக்குப் புளி வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். மடப்பள்ளித் தரையில் எண்ணெய்க்கறை போகவில்லை. போகாது, அதற்குச் சோப்புதான் வேண்டும். அமிலம் பித்தளைக் களிம்பைத் தின்னும், எண்ணெயைத் தின்னாது. பளிங்குப் படியில் மட்டும் ஊற்றாதீர்கள், கல்லைத் தின்றுவிடும்.

9 ஜூன்

கோயிலில் இன்னும் 10 லிட்டர் கேட்கிறார்கள். மாக்சிக் மூன்று வாரமாகப் பசாருக்கு வரவில்லை. குலிம், லூனாஸ் பக்கம் ராகி எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேழ்வரகு இன்னும் முக்கால் கிலோ இருக்கிறது, அது வேண்டாம்.